பித்தப்பைக் கல் குழாய்க்குள் இறங்கிவிட்டதா? எந்தச் சோதனை, யாருக்கு?

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். வயது 46. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மேல்வயிற்றில் பிடித்துக்கொள்ளும் வலி, வலது தோள்பட்டை வரை இழுக்கும். கேஸ் என்று நினைத்து இரண்டு மாதம் ஓம வாட்டரில் ஓட்டியிருக்கிறார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறைய சின்னச் சின்னக் கற்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், பொதுப் பித்தக்குழாய் 7 மி.மீ. அகலம், கீழ்ப்பகுதி வாயுவால் மறைந்திருக்கிறது என்று இருந்தது. ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.1, அது சரியான அளவு. கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி மட்டும் 140, அது அதிகம்.

அவர் கையில் இரண்டு ஆலோசனைகள் இருந்தன. "முதல்ல இ.ஆர்.சி.பி பண்ணிக் குழாயைச் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் ஆபரேஷன்" என்றார் ஒருவர். (இ.ஆர்.சி.பி என்பது வாய் வழியாகக் கருவியை இறக்கிப் பித்தக்குழாய்க்குள் நுழைந்து செய்யும் முறை.) "குழாயைப் பத்திக் கவலைப்படாதீங்க, பையை எடுத்தாப் போதும்" என்றார் இன்னொருவர். "ரெண்டு பேருமே அனுபவசாலிங்க. நான் யார் சொல்றதைக் கேக்கட்டும் சார்?" என்று கேட்டார்.

வயிற்று அறுவை சிகிச்சை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இ.ஆர்.சி.பி கல்லை எடுப்பதற்கான கருவி. கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பார்ப்பதற்கு வேறு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. அந்த மூன்றில் எது, யாருக்கு என்பதில்தான் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு வருகிறது. அந்தக் குழாயின் பக்கக் கிளையில் தொங்குவதுதான் பித்தப்பை. கல் பைக்குள்ளேயே இருந்தால் பையை எடுத்ததோடு பிரச்சினை முடிந்தது. அது நழுவி முதன்மைக் குழாய்க்குள் (ரிப்போர்ட்டில் வரும் பொதுப் பித்தக்குழாய் இதுதான்) விழுந்துவிட்டால், பையை எடுத்த பிறகும் ஆபத்து உள்ளேயே இருக்கும். குழாய் அடைபட்டால் மஞ்சள் காமாலை வரும். தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகினால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பித்தக்குழாயும் கணையக் குழாயும் குடலில் ஒரே வாசலில் திறப்பவை என்பதால், கல் அந்த வாசலில் சிக்கினால் கணையம் வெந்துபோகும், அதுதான் கணைய அழற்சி. பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில், எப்படிப்பட்ட நோயாளிகள் என்பதைப் பொறுத்து, 100 பேரில் 5 முதல் 20 பேருக்குக் குழாயிலும் கல் இருக்கிறது. மீதி 80 முதல் 95 பேருக்குக் குழாய் சுத்தம். அத்தனை பேரையும் பெரிய பரிசோதனைக்குள் இழுப்பது தவறு. அந்தச் சிலரைக் கோட்டைவிடுவதும் தவறு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலையும் குழாய் அடைப்பால் வரும் காமாலையும் கண்ணுக்கு ஒரே மஞ்சள்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியமும் வைத்து இரண்டு வாரம் கடத்திவிட்டு, நினைவு தடுமாறும் நிலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். காமாலையோடு வலியோ, நடுக்கக் காய்ச்சலோ, களிமண் நிறத்தில் மலமோ, டிகாஷன் நிறத்தில் சிறுநீரோ இருந்தால், அன்றைக்கே ஒரு ஸ்கேன் எடுங்கள்.

முதலில் ஸ்கேனும் ரத்தமும்

எல்லோருக்கும் முதல் படி வயிற்று அல்ட்ராசவுண்டும் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனையும்தான். பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டு கெட்டிக்காரன். குழாய்க் கல்லில் அந்தத் திறமை குறைந்துவிடுகிறது, ஏனென்றால் குழாயின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் குடலும் அதில் காற்றும் இருக்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வின்படி, குழாயில் கல் இருப்பவர்கள் 100 பேரில் சுமார் 73 பேரிடம்தான் அல்ட்ராசவுண்டு அதைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் "குழாயில் கல் தெரியவில்லை" என்று இருந்தால், அதைக் "குழாயில் கல் இல்லை" என்று வாசிக்கக் கூடாது. குழாயின் அகலமும் ஒரு சாட்சி. பித்தப்பை உள்ளவர்களுக்கு 6 மி.மீ.க்கு மேல் போனால் விரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். வயதானவர்களுக்கு அது இயல்பாகவே கொஞ்சம் அகலமாகும். ஏற்கெனவே பையை எடுத்தவர்களுக்கு 10 மி.மீ. வரைகூட இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு வரிசை உண்டு. கல் திடீரென்று குழாயை அடைத்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் ஏறுவது எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி என்ற கல்லீரல் நொதிகள். சிலருக்கு அது ஆயிரத்தைத் தாண்டி, மஞ்சள் காமாலை வைரஸ் என்றே தப்புக்கணக்குப் போட வைக்கும். பிலிருபினும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதியும் பின்னாலேயே ஏறும். கல் தானாகக் குடலுக்குள் போய்விட்டால் எல்லாம் மளமளவென்று இறங்கும். அதனால் ஒரே ஒரு நாள் எடுத்த ரிப்போர்ட்டைவிட, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகள் அதிகம் பேசும். செலவும் குறைவு. இருந்தும் இதைப் பலர் செய்வதில்லை.

பிலிருபினைப் பார்க்கும்போது மொத்தக் கணக்கோடு நிற்காமல் "டைரக்ட்" எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பித்தக்கல்லும் வரும், பிலிருபினும் எப்போதும் உயர்ந்தே இருக்கும். அந்த உயர்வு பெரும்பாலும் "இன்டைரக்ட்" வகை, அதற்கும் குழாய் அடைப்புக்கும் சம்பந்தமில்லை. கில்பர்ட் என்ற தொல்லையில்லாத பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கும் இப்படித்தான். பித்தப்பை கடுமையாக வீங்கியிருக்கும்போதும், குழாயில் கல் இல்லாமலே இந்த எண்கள் கொஞ்சம் ஏறும்.

இந்தத் துப்புகளை எல்லாம் சேர்த்து, குழாயில் கல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க வேண்டும். அமெரிக்க என்டோஸ்கோப்பி சங்கம் 2010ல் ஒரு கணக்கு வகுத்து, அது அவசியமில்லாத பலரை இ.ஆர்.சி.பி.க்கு அனுப்புகிறது என்று தெரிந்ததும் 2019ல் அதை இறுக்கிவிட்டது. புதிய கணக்கு இது: ஸ்கேனில் குழாய்க்குள்ளேயே கல் தெரிந்தால், அல்லது குழாய்த் தொற்று இருந்தால், அல்லது பிலிருபின் 4க்கு மேல் போய்க் குழாயும் விரிந்திருந்தால், அது உயர் வாய்ப்பு, அதாவது பாதிக்கும் மேல். கல்லீரல் எண்கள் ஏறியிருந்தாலோ, வயது 55ஐத் தாண்டியிருந்தாலோ, குழாய் மட்டும் விரிந்திருந்தாலோ நடுத்தர வாய்ப்பு. எதுவுமே இல்லை என்றால் வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழ்.

ஐரோப்பியச் சங்கமும் அதே 2019ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உயர் வாய்ப்புக்கு இரண்டே காரணங்கள்தான்: ஸ்கேனில் தெரிந்த கல், அல்லது குழாய்த் தொற்று. பிலிருபின் எவ்வளவு ஏறியிருந்தாலும் அது தனியாக ஒருவரை மேல்தட்டுக்குத் தள்ளாது. வயதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு ஐரோப்பியக் கணக்குதான் மனசுக்கு நெருக்கம். எண்களும் ஸ்கேனும் சரியாக இருக்கும் 60 வயதுக்காரரை வயசுக்காக மட்டும் எம்.ஆர்.ஐ அறைக்குள் அனுப்ப எனக்குத் தோன்றுவதில்லை.

நம் ஆசிரியை எங்கே நிற்கிறார்? குழாய் 7 மி.மீ., எஸ்.ஜி.பி.டி உயர்வு. எந்தக் கணக்குப் போட்டாலும் நடுத்தரம். அப்படியானால் நேராக இ.ஆர்.சி.பி என்று சொன்னதும் சரியில்லை, குழாயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று சொன்னதும் சரியில்லை.

இ.ஆர்.சி.பி.யை ஏன் கடைசியில் வைக்கிறேன்

வாய் வழியாகக் குழாய்க்கருவியை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தக்குழாய் திறக்கும் வாசலில் மெல்லிய குழல் நுழைத்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் இ.ஆர்.சி.பி. 1968ல் அமெரிக்காவில் வில்லியம் மெக்யூன் முதலில் செய்து காட்டினார். அப்போது அது பார்ப்பதற்கான வழிதான். 1974ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அந்த வாசலின் தசையைக் கருவி வழியாகவே வெட்டித் திறக்க முடிந்த பிறகு, கல்லை வெளியே எடுக்கும் சிகிச்சையாக மாறியது. வயிற்றைக் கிழிக்காமல் குழாய்க் கல்லை எடுக்க முடிந்ததால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாசலைத் தொட்டாலே கணையம் கோபித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இ.ஆர்.சி.பி செய்துகொள்கிறவர்கள் 100 பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவு, அபூர்வமாக மரணம். வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை, குழாயில் தொற்று ஆகியவையும் சிறு விகிதத்தில் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இந்தக் கணைய அழற்சி யாருக்கு அதிகம் வருகிறது தெரியுமா? இளம் வயதினருக்கு, பெண்களுக்கு, பிலிருபின் சரியான அளவில் இருப்பவர்களுக்கு, குழாய் விரியாதவர்களுக்கு. அதாவது குழாயில் கல் இருக்க வாய்ப்புக் குறைவானவர்கள் யாரோ, "சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரை அனுப்புகிறோமோ, அவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். உண்மையிலேயே கல் அடைத்து, குழாய் பெருத்து, மஞ்சளாகி வருகிறவருக்கு ஆபத்து குறைவு, பலனும் கைமேல் கிடைக்கும். இந்த ஒரு முரண் போதும், சந்தேகத்துக்காக இ.ஆர்.சி.பி செய்யக் கூடாது என்று சொல்ல.

கட்டாயம் செய்ய வேண்டி வந்தால், ஆசனவாய் வழியாக இண்டோமெதசின் அல்லது டைக்லோஃபெனாக் என்ற வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரை வைப்பார்களா என்று கேளுங்கள். அதிக ஆபத்து உள்ளவர்களிடம் 2012ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் இண்டோமெதசின் வைத்தவர்களுக்குக் கணைய அழற்சி 16.9 சதவீதத்திலிருந்து 9.2ஆகக் குறைந்தது. மலிவான மருந்து. சிறுநீரகக் கோளாறோ அந்த வகை மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு நேராக இ.ஆர்.சி.பி? நடுக்கக் காய்ச்சல், வலி, காமாலை மூன்றும் சேர்ந்தவருக்கு. பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1877லேயே விவரித்த மூன்று அறிகுறிகள் இவை. இவர்களுக்கு எம்.ஆர்.ஐ வரிசையில் காத்திருக்க நேரமில்லை. ஆன்டிபயாடிக் தொடங்கி, குழாயைத் திறந்து சீழ் கலந்த பித்தநீரை வடியவிட வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் 12 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. கல்லை அன்றே முழுசாக எடுக்க முடியாவிட்டால் பித்தநீர் வடிய ஒரு ஸ்டென்ட் (சிறு குழல்) வைத்துவிட்டு வந்தாலும் உயிர் தப்பிவிடும். அந்த ஸ்டென்டை மறந்துவிடாமல், சொன்ன தேதியில் போய் எடுத்துவிட வேண்டும். மறந்தவர்கள் அடைத்த ஸ்டென்டோடும் காய்ச்சலோடும் திரும்பி வருகிறார்கள்.

எம்.ஆர்.சி.பி.யா, என்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டா?

நடுத்தர வாய்ப்பு உள்ளவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

எம்.ஆர்.சி.பி என்பது எம்.ஆர்.ஐ எந்திரத்தில் எடுக்கும் படம். தேங்கிய நீர் மட்டும் வெள்ளையாக ஒளிரும்படி எந்திரத்தை அமைத்துக்கொண்டால், பித்தநீர் நிறைந்த குழாய்கள் மரக்கிளை மாதிரி பளிச்சென்று தெரியும், கல் இருக்கும் இடம் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஊசி வேண்டாம், மயக்கம் வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. நாலைந்து மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, அரை மணி நேரம் அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சைப் பிடித்தால் போதும்.

என்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் (இ.யூ.எஸ் என்பார்கள்) ஸ்கேன் கருவியே என்டோஸ்கோப்பிக் குழாய்க்கருவியின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக முன்சிறுகுடல் வரை கொண்டுபோய், குடல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் பித்தக்குழாயைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள். வயிற்றுக்கு வெளியிலிருந்து பார்க்கும்போது மறைத்த காற்று இங்கே தடையே இல்லை. பித்தக்குழாயின் வாசலுக்குள் எதையும் நுழைப்பதில்லை, அதனால் இ.ஆர்.சி.பி.யின் கணைய ஆபத்து இதற்கு இல்லை.

எது துல்லியம்? அதே 2015 காக்ரேன் கணக்கில், இருக்கும் கல்லைக் கண்டுபிடிப்பதில் இ.யூ.எஸ்ஸுக்கு 95 சதவீதம், எம்.ஆர்.சி.பி.க்கு 93. இல்லாததை இல்லை என்று சொல்வதில் 97, 96. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது சின்னக் கல்லில். 5 மி.மீ.க்குக் குறைவான கல்லும், வாசலுக்கு அருகே சிக்கிய கல்லும் எம்.ஆர்.சி.பி.யின் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். இ.யூ.எஸ் அந்த மணல் போன்ற கற்களையும் பிடித்துவிடும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் எம்.ஆர்.சி.பி அதையும் கல் மாதிரி காட்டக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இ.யூ.எஸ்ஸில் இன்னொரு பெரிய வசதி. கல் தெரிந்தால் அதே மயக்கத்தில் கருவியை மாற்றி இ.ஆர்.சி.பி செய்து எடுத்துவிடலாம், தெரியாவிட்டால் அத்தோடு எழுப்பி அனுப்பிவிடலாம். எம்.ஆர்.சி.பி.யில் கல் தெரிந்து, தேதி வாங்கி, பத்து நாள் கழித்து இ.ஆர்.சி.பி செய்தால் கல் அங்கே இல்லாமல் போவதும் நடக்கிறது. இடையில் அது தானாகவே இறங்கிப் போயிருக்கும். நோயாளி தேவையே இல்லாத ஓர் ஆபத்தைச் சுமந்திருப்பார். இதனால், எம்.ஆர்.சி.பி.க்கும் இ.ஆர்.சி.பி.க்கும் இடையே நாள் கடந்துவிட்டால், வலி நின்று எண்களும் இறங்கிவிட்டால், குழாயை மறுபடி பார்க்காமல் உள்ளே நுழைய வேண்டாம் என்று நான் வற்புறுத்துவேன்.

நடைமுறைக்கு வருவோம். எம்.ஆர்.ஐ எந்திரம் இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. இ.யூ.எஸ் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள், அது கைப்பழக்கத்தையே நம்பியிருக்கும் வித்தை வேறு. உங்கள் ஊரில் நல்ல எம்.ஆர்.ஐ.யும் அதைப் படிக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்டும் இருந்தால், பேருந்து ஏறி அலையாமல் எம்.ஆர்.சி.பி.யையே எடுத்துக்கொள்ளலாம். இதயத்தில் பழைய வகை பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், படம் சுத்தம் என்று வந்தும் வலியும் எண்களும் திரும்பத் திரும்ப ஏறுகிறவர்கள் ஆகியோருக்கு இ.யூ.எஸ். உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குக் கருவி அந்த இடத்துக்கு எளிதில் போய்ச் சேராது, அவர்களுக்கு எம்.ஆர்.சி.பி.தான். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கதிர்வீச்சு இல்லாதவை. எம்.ஆர்.சி.பி.க்கு கடோலினியம் என்ற சாய ஊசி தேவைப்படுவதுமில்லை.

சி.டி ஸ்கேனை வரிசையில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். கொலஸ்ட்ரால் மிகுந்த கற்கள் பித்தநீரின் அடர்த்தியிலேயே இருப்பதால் சி.டி.யில் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. கணைய அழற்சியின் தீவிரம், கட்டி என்ற சந்தேகம் போன்றவற்றுக்கு அது வேண்டும். குழாய்க் கல்லைத் தேடுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம்.

மூன்றாவது வழி: ஆபரேஷன் மேசையிலேயே பார்ப்பது

நோயாளிகளிடம் அதிகம் சொல்லப்படாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பித்தப்பையை எடுக்கும்போது, அதன் கிளைக்குழாயில் மெல்லிய குழல் நுழைத்துச் சாயம் செலுத்தி, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் முதன்மைக் குழாயைப் பார்ப்பது. அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் பாப்லோ மிரிஸி 1931ல் தொடங்கி வைத்தது. கிளைக்குழாயின் அருகே கல் சிக்கிப் பொதுக்குழாயை நெருக்கும் நோய்க்கும் அவர் பெயர்தான். காக்ரேன் கணக்கில் இதன் துல்லியம் 99 சதவீதத்தை ஒட்டி வருகிறது, இ.ஆர்.சி.பி.யைவிட அதிகம். கூடுதலாக ஆகும் நேரம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கால் மணி.

2014ல் ஜெனீவாவில் நடந்த ஒரு ஆய்வு என் யோசனையையே திருப்பிப் போட்டது. நடுத்தர வாய்ப்பு உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதலில் குழாய்ப் பரிசோதனைகள், அப்புறம் அறுவை. மறு பாதிக்கு நேராக அறுவை, மேசையிலேயே சாயப் படம். நேராகப் போனவர்கள் மருத்துவமனையில் தங்கியது சராசரியாக 5 நாள், மற்றவர்கள் 8 நாள். நேராகப் போனவர்களுக்கு நடந்த மற்றக் குழாய்ப் பரிசோதனைகளும் மிகக் குறைவு. சிக்கல்கள் கூடவில்லை. நடுத்தர வாய்ப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் குழாய் சுத்தமாகவே இருக்கிறது, எப்படியும் பையை எடுக்கத்தான் போகிறோம், பிறகு எதற்கு முன்னால் ஒரு வாரம்? இந்த எளிய தர்க்கம் அங்கே வென்றது.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே? இங்கேதான் ஊர் யதார்த்தம் வருகிறது. மேசையில் கல் தெரிந்தால் அடுத்து என்ன என்பதற்குப் பதில் முன்கூட்டியே இருக்க வேண்டும். சின்னக் கல்லென்றால் உப்புநீர் அடித்தே குடலுக்குத் தள்ளிவிடலாம், அல்லது கிளைக்குழாய் வழியாகவே கூடை போட்டு எடுக்கலாம். பெரிய கல், அகன்ற குழாய் என்றால் குழாயைத் திறந்து எடுத்துத் தையல் போட வேண்டும், அதற்கு லேப்ராஸ்கோப்பியில் தேர்ந்த கை வேண்டும். இல்லையென்றால் பையை எடுத்துவிட்டு மறுநாள் இ.ஆர்.சி.பி.க்கு அனுப்ப வேண்டும். பக்கத்தில் இ.ஆர்.சி.பி வசதியே இல்லாத ஊரில், சி-ஆர்ம் இல்லாத தியேட்டரில், "மேசையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அங்கெல்லாம் முன்னாலேயே எம்.ஆர்.சி.பி எடுப்பதுதான் விவேகம். கல் உறுதியானால் நோயாளியைச் சரியான இடத்துக்கு முதலிலேயே அனுப்பிவிடலாம்.

ஆகவே அறுவை மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "ஆபரேஷன்ல குழாய்ல கல் தெரிஞ்சா நீங்க என்ன செய்வீங்க?" தெளிவான பதில் வந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வந்தால் எம்.ஆர்.சி.பி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லுங்கள்.

கல் தானாகவே போகுமென்றால் தேடுவானேன்?

நியாயமான கேள்வி. 2004ல் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து வந்த ஆய்வு இது. 962 பேருக்குப் பை எடுக்கும்போது சாயப் படம் எடுத்தார்கள். 46 பேருக்குக் கல் இருப்பது போலத் தெரிந்தது. உடனே எடுக்காமல் குழல் ஒன்றை விட்டுவைத்துத் திரும்பப் பார்த்தார்கள். 48 மணி நேரத்தில் 12 பேரின் படம் சுத்தம், ஆறு வாரத்தில் மேலும் 12 பேருக்குச் சுத்தம். கடைசியில் இ.ஆர்.சி.பி தேவைப்பட்டது 22 பேருக்கு மட்டும். பாதிப் பேருக்குக் கல் நிஜமாகவே போய்விட்டது, அல்லது முதலிலேயே இல்லை.

ஆனால் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். சுவீடனின் தேசியப் பதிவேட்டை வைத்து 2014ல் வெளியான ஆய்வில், மேசையில் தெரிந்த கல்லை அப்படியே விட்டவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பின்னால் தொல்லை வந்தது. எடுக்க முயன்றவர்களில் அது சுமார் 13 சதவீதம். எனவே குழாயில் கல் என்று உறுதியானால், உடல் தாங்குமென்றால், எடுத்துவிடுவதே முறை. உறுதியாகாத வரை, குறைந்த வாய்ப்புள்ளவரை விட்டுவிடுவதும் முறைதான். ஸ்கேனும் ரத்தமும் இரண்டும் சரியாக இருக்கிற 35 வயதுப் பெண்ணுக்கு எம்.ஆர்.சி.பி எழுதிக் கொடுப்பதால் பர்ஸ் மட்டுமே இளைக்கும்.

கணைய அழற்சியோடு வந்தவர்கள்

இவர்கள் தனி ரகம், குடும்பங்கள் அதிகம் பதறுவதும் இங்கேதான். "கல்லாலதான் கணையம் வீங்கிருச்சுன்னா உடனே கல்லை எடுங்களேன்" என்பார்கள். கணையத்தைத் தூண்டிய கல் பெரும்பாலும் வாசலைத் தாண்டிப் போன கல். நெதர்லாந்தில் நடந்து 2020ல் வெளியான ஆய்வு, குழாய்த் தொற்று இல்லாத, தீவிரமாகக்கூடிய கணைய அழற்சிக்காரர்களிடம் அவசர இ.ஆர்.சி.பி எந்தப் பலனும் தரவில்லை என்று காட்டியது. பிலிருபின் இறங்கிக்கொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். ஏறிக்கொண்டே போனால் இ.யூ.எஸ் அல்லது எம்.ஆர்.சி.பி. காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் இ.ஆர்.சி.பி.

பொறுத்திருக்கக் கூடாதது பித்தப்பை விஷயத்தில். லேசான கணைய அழற்சி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பையை எடுக்க வரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதே நெதர்லாந்துக் குழுவினரின் 2015 ஆய்வில் அப்படி அனுப்பப்பட்டவர்களில் 17 சதவீதம் பேர் கல் தொல்லையோடு திரும்பி வந்தார்கள் அல்லது இறந்தார்கள். அதே அட்மிஷனில் பை எடுத்தவர்களில் அது 5 சதவீதம். இ.ஆர்.சி.பி.யில் கல்லை எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். கல் போய்விட்டது, வலி போய்விட்டது, பை எதற்கு என்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள். பைக்குள் இருக்கும் மற்றக் கற்கள் அதே வழியில் வரக் காத்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் பையை எடுத்துவிட வேண்டும். முதல் இ.ஆர்.சி.பி.யின் ஆபத்தைக் கடந்து வந்தவரை இரண்டாவதற்கு அழைத்துப்போக நேர்வது எனக்கு எப்போதும் வேதனை.

ஆசிரியைக்கு என்ன செய்தோம்

முதலில் ரத்தத்தைத் திரும்பப் பார்த்தோம். நாலாம் நாள் எஸ்.ஜி.பி.டி 140லிருந்து 58க்கு இறங்கியிருந்தது. சின்னக் கல் ஒன்று இறங்கிப் போயிருக்கலாம் என்பதற்கு அது நல்ல குறி. இருந்தாலும் ஸ்கேனில் குழாயின் கீழ்ப்பகுதி மறைந்திருந்தது, பைக்குள் இருந்ததெல்லாம் நழுவக்கூடிய சின்னக் கற்கள். என் தியேட்டரில் சி-ஆர்ம் இருக்கிறது, சின்னக் கல்லைக் கிளைக்குழாய் வழியாக எடுக்கத் தெரியும், எடுக்க முடியாவிட்டால் மறுநாளே அனுப்ப இ.ஆர்.சி.பி செய்யும் நண்பர் இருக்கிறார். மூன்றையும் அவரிடமும் அவர் கணவரிடமும் காகிதத்தில் படம் வரைந்து சொன்னேன். எம்.ஆர்.சி.பி முன்னால் எடுத்தாலும் தவறில்லை, எடுக்காமல் மேசையில் பார்த்தாலும் தவறில்லை, இ.ஆர்.சி.பி மட்டும் இப்போது வேண்டாம் என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டு மேசையிலேயே பார்க்கச் சொன்னார்.

சாயம் செலுத்தியபோது குழாயின் கீழ்முனையில் 3 மி.மீ. அளவில் ஒரு நிழல் நின்றது. உப்புநீரை இரண்டு முறை வேகமாக அடித்தோம். மூன்றாவது படத்தில் நிழல் இல்லை, சாயம் தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியது. இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லா எண்களும் சரியாக இருந்தன.